பெயர் வைப்பதற்கு முன்

முன்பின் தெரியாதவர்கள் தன்னைக் கொஞ்சுவதை மெக்கானிக்கால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போய்விடுவாள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெங்காயம் நிறுத்துக் கொடுப்பவர் எதற்காக “பாத்து எடு கண்ணு” என்று சொல்ல வேண்டும்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வந்த அம்மாள் ஏன் “கொஞ்சம் நகந்துக்கோ தங்கம்” என்று சொல்ல வேண்டும்? இவள் யார் வீட்டுத் தங்கம்? நாற்பத்தொரு வயது, காதோரம் நரை, இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமான பவர். போன வாரம் ஒரு கூரியர்க்காரன் போனில், “ஓகே செல்லம், வாசல்லதான் நிக்கிறேன்” என்றான். மாடியிலிருந்து இறங்கிப் போய், அவனுக்கு ஐந்து நிமிடம் வகுப்பெடுத்துவிட்டுத்தான் பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மூக்குக்கு மேல் கோபம் வரக் காரணமும் இருந்தது. ஆஸ்பத்திரிகளில் பழுதாகும் இயந்திரங்களைச் சரிசெய்வது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். போகிற இடமெல்லாம் “வா கண்ணு” என்று வரவேற்பார்கள். அடுத்த கேள்வி தப்பாமல் வரும்: “கூட யாரும் வரலையா?” யாரும் என்றால் ஓர் ஆம்பளை. அந்தக் கண்ணும் இந்தக் கேள்வியும் அவள் காதில் ஒட்டிப் பிறந்தவையாகிவிட்டன. இதற்காகவே மனுஷி தன் சட்டைப்பையில் பெயர் எழுதிய அட்டையை எல்லார் கண்ணிலும் படும்படி குத்திக்கொண்டு போவாள். ஒருத்தரும் படிக்க மாட்டார்கள்.

வீட்டிலும் அவளுக்குக் கொஞ்சல் பழக்கமில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மாவுக்கு அவள் “ஏய்.” கணவர் வார்த்தைகளைச் சேமித்து வைப்பவர், “இங்க பாரு” என்பதோடு அவருக்குக் காரியம் முடிந்துவிடும். இப்படி வளர்ந்து இப்படியே குடும்பமும் நடத்தியதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று காலை பதினொன்றரைக்குப் பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. வார்மர் சூடாகவில்லை, உடனே வர வேண்டும். வார்மர் என்பது பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கிற மேடை. தலைக்கு மேலே ஒரு ஹீட்டர் இருக்கும். அம்மாவின் வயிற்றுச் சூட்டிலிருந்து வெளியே வருகிற பிள்ளைக்கு அந்தச் சூடுதான் முதல் போர்வை. அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டே வார்மர். பக்கத்து அறையில் இருந்த ஒன்றில் அன்று விடிகாலையில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன. மற்றதுதான் கெட்டுப்போனது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவளை ஒரு நர்ஸ் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

“வந்துட்டியா கண்ணு! அதோ இருக்கு பாரு.”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. தன் வயதில் பாதியைச் சற்றே தாண்டிய பெண்!

“சிஸ்டர், என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்டா போதும்.”

“சரி தங்கம், சீக்கிரம் பாரு.”

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. நர்ஸ் அதற்குள் கட்டிலை மறைத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். திரைக்குப் பின்னால் ஒரு பெண் முனகினாள். அவளுக்கு ஏழரை மாதத்திலேயே வலி வந்துவிட்டது. டாக்டர் மாடியில் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். அவரைக் கூட்டிவர இன்னொரு நர்ஸ் ஓடியிருந்தாள். ஆக, அந்த அறையில் ஒரு நர்ஸ், ஒரு கர்ப்பிணி, செத்துப்போன ஒரு மெஷின், அதைத் திறக்கிற ஒரு மெக்கானிக், அவ்வளவுதான்.

“என் ராசாத்தி, இப்ப முக்காத. மூச்ச விடு. அப்படித்தான்டா பட்டு,” என்று திரைக்குப் பின்னால் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சக்கரம் சிக்கிய தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, “நீ வேற அடம் பிடிக்காத சாமி” என்றாள் நர்ஸ். இவளுக்கு மனுஷர், சாமான் என்ற பேதமே கிடையாதுபோல என்று மெக்கானிக் நினைத்தாள்.

ஹீட்டரின் மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை வந்தது. மின்சார வயர் வந்து சேருகிற முனை தளர்ந்து, பொறி பறந்து பறந்து தீய்ந்துபோயிருந்தது. பெரிய நோய் இல்லை. கருகியதை வெட்டி, வயரைச் சீவி, புது முனை வைத்து அழுத்த வேண்டும். நிதானமாகச் செய்தால் பத்து நிமிட வேலை.

“இன்னும் எவ்வளவு நேரம் கண்ணு?”

“பத்து நிமிஷம்.”

“அவ்வளவு இல்ல. தல தெரியுது.” நர்ஸின் குரல் இறங்கியது. “குட்டிக் குழந்தை. சில்லுனு இருந்தா தாங்காது. மூணு நிமிஷத்துல குடு தங்கம்.”

அந்தத் தங்கத்துக்குக் கோபப்பட மெக்கானிக்குக்கு நேரம் இல்லை. வயரைச் சீவினாள். ஒரு திருகாணி கைநழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது, போய்த் தொலை என்று விட்டாள். முனையை வைத்துக் கிரிம்பர் இடுக்கியால் இறுக்கினாள், இழுத்துப் பார்த்தாள், சுவிட்சைப் போட்டாள். மேலே கம்பி மெல்லச் சிவந்தது. புறங்கையை நீட்டினாள். சூடு இறங்கிற்று. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

“ஓடுது சிஸ்டர்!”

அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. சத்தமே இல்லை.

நர்ஸ் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து சூட்டின் கீழே கிடத்தினாள். பெண் குழந்தை. நீலம் பாய்ந்த உடம்பு, தொங்குகிற கை. நர்ஸ் துடைத்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், சின்ன முகமூடி வைத்துக் காற்றுப் பையை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே பேசினாள். “வாடி என் தங்கம். வந்துரு. இவ்ளோ தூரம் வந்துட்டு ஏன்டா கண்ணு தயங்குற? வா ராசாத்தி, வா.” நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. விக்கல் மாதிரி ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று.

“சிஸ்டர்...” என்றாள் கட்டிலில் இருந்த பெண், தூக்கத்தில் பேசுகிறவள்போல. கட்டிலின் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு அல்ல, ஒழுக்கு.

நர்ஸ் ஒரு நொடி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு நொடிதான். “இங்க வா. அந்தக் கையுறைய மாட்டு. மூச்சு வருது, ஆனா விட மறந்துரும். துண்டால முதுகத் தேய், இப்படி. நிறுத்தாத. கூப்பிட்டுக்கிட்டே இரு.”

“நானா? என்னன்னு கூப்பிட? பேரு என்ன?”

“பேரா? பொறந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல!” என்று கத்திக்கொண்டே அவள் தாயிடம் பாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள்.

மெக்கானிக் துண்டைப் பிடித்தாள். அவள் உள்ளங்கையைவிடச் சின்ன முதுகு. அதை எவ்வளவு அழுத்துவது என்று எந்தக் கையேட்டிலும் அவள் படித்ததில்லை. கை நடுங்கிற்று. உடைந்துவிடுமோ என்று பயந்து மேலுக்குத் தடவினாள். கூப்பிட வேண்டும், ஆனால் வாயில் ஒரு சொல் வரவில்லை. வந்தது இதுதான்:

“இங்க பாரு.”

கணவரின் அதே குரல். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. குழந்தை எதையும் பார்க்கவில்லை. விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஒன்று. அப்புறம் எங்கே அடுத்தது? அடுத்தது எங்கே?

“கண்ணு,” என்றாள். “கண்ணு, இந்தாடி.”

சொன்னதும் கை உறுதிப்பட்டது. அவள் திகைத்துப் போனாள். ஏதோ நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ இறுக்கிப் பிடித்தாற்போல் கை தன் வேலையைத் தெரிந்துகொண்டது. நன்றாக அழுத்தித் தேய்த்தாள். “தங்கம், வந்துரு. என் செல்லமில்ல? பட்டில்ல? ராசாத்தி, மூச்ச விடுடி. விடுடி சாமி...” வெங்காயக்காரர் சொன்னது, பஸ் அம்மாள் சொன்னது, கூரியர்க்காரன் சொன்னது என்று வாழ்நாளில் அவள் உதறித் தள்ளிய அத்தனையும் வரிசைகட்டி வந்தன. ஒன்றுகூடப் பொய்யாக வரவில்லை. அந்தக் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த நிமிடத்தில் உலகத்தில் அதைவிட அவளுக்கு வேண்டியவர்கள் யாருமில்லை.

குழந்தை முகத்தைச் சுளித்தது. வாயைத் திறந்தது. பூனைக்குட்டி அளவுக்கு ஒரு குரல் வந்தது, பிறகு அறையே அதிர ஒரு குரல் வந்தது. அப்போதுதான் கதவு திறந்து டாக்டர் ஓடிவந்தார். மெக்கானிக்கை யாரோ தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். சுவரில் சாய்ந்து நின்று அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். நீலம் மெல்ல மெல்லச் சிவப்பாக மாறிற்று, முதலில் நெஞ்சு, பிறகு வயிறு, கடைசியில் விரல்கள்.

அரைமணி நேரத்தில் தாயின் ரத்தப்போக்கு நின்றது. குழந்தைக்குத் தலையில் குல்லா மாட்டியிருந்தார்கள். கை கழுவும் தொட்டியருகே நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“கூப்பிட்டா அதுக்குக் கேக்குமா சிஸ்டர்?” என்று கேட்டாள் மெக்கானிக்.

“யாருக்குத் தெரியும்? தேய்க்கிறதுதான் வைத்தியம். வாயால கூப்பிடலன்னா என் கை பயந்துரும். அதான்.” நர்ஸ் சிரிக்க முயன்றாள். “உங்கள அப்படிக் கூப்பிட்டதும் அதுக்குத்தாங்க. கோவப்பட்டுட்டீங்க. எனக்கு அப்ப உள்ள நடுங்குது, டாக்டரும் இல்ல. இந்தப் பொம்பளையாவது கைவிடாம இருக்கணுமேன்னு வாயில வந்துருச்சு.”

‘கூட யாரும் வரலையா’ என்று தன்னைக் கேட்காத முதல் ஆள் இவள். அது மெக்கானிக்குக்கு இப்போதுதான் உறைத்தது.

“எல்லாக் குழந்தையையும் இப்படித்தான் கூப்பிடுவீங்களா?”

“பேரு வைக்க நாளாகுமே. அதுவரைக்கும் வேற எப்படிக் கூப்பிடுறது?”

“அப்ப, நான் பொறந்தப்ப?” என்று கேட்டாள் மெக்கானிக்.

“உங்களையும் யாராச்சும் ஒருத்தி கூப்பிட்டிருப்பா,” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நர்ஸ் கையைக் கழுவினாள். “எங்க டூட்டியே அதுதான?”

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் கீழே வந்தாள். முன்கூடம் நிரம்பி வழிந்தது. சீட்டு கொடுக்கிற ஜன்னலில் எழுத்தர் ஒருவர் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் காவலாளி ஒருவர், அவர் மீசையைக் கண்டாலே வண்டிகள் ஒதுங்கிக்கொள்ளும். மெக்கானிக் நடுக்கூடத்தில் பெட்டியோடு நின்றுவிட்டாள். இடித்துக்கொண்டு போனவர்கள் முணுமுணுத்தார்கள், அவளுக்கு உறைக்கவில்லை. இந்த எழுத்தர், இந்த இரண்டு பேர், அந்த மீசை, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஈர உடம்போடு, பெயர்கூட இல்லாமல், முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் கையில் கிடந்திருக்கிறார்கள். அவளும் பயந்துகொண்டே, வா என் ராசா, வா என் தங்கம் என்றிருக்கிறாள். இத்தனை பேரையும்! ஒவ்வொருத்தராக!

மெக்கானிக்கையும் ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். முகம் தெரியாது, ஊர் தெரியாது, இருக்கிறாளா இல்லையா என்றும் தெரியாது. அவள் கூப்பிட்டாள், இவள் வந்தாள்.