குழாயில் நின்ற மருந்து

கொழுந்தன் கிளாஸைப் பீர்க் குழாயடியில் பிடித்துக் கைப்பிடியை இழுக்கப்போன நேரத்தில் அவள் பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பாரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். புருஷனை அடக்கம் செய்துவிட்டு நேரே வந்திருக்கிறவள் கொழுந்தன் கையைப் பிடித்து இழுத்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

"நிறுத்துங்க தம்பி. பைப்புல மருந்து நிக்குது."

"என்ன மருந்து அண்ணி?"

"பைப்பு கழுவுற மருந்து. உங்கண்ணன் பாதியிலதானே போனாரு."

கொழுந்தன்தான் பாருக்கு முதலாளி. அவர் அண்ணன், அதாவது அவள் புருஷன், அங்கே பீர் வருகிற பைப்புகளைக் கழுவுகிறவர். முந்தின நாள் காலை கீழ் அறையில் கழுவிக்கொண்டிருந்தவர் காலிப் பீப்பாய் மேல் சற்றே உட்கார்ந்தார், அதோடு சரி. ஆஸ்பத்திரியில் அவருடைய கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தபோது ரப்பர் கையுறையும் அதில் இருந்தது. கையுறை மாட்டியிருந்தார் என்றால் மருந்தை ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். அப்போதே உறைத்திருக்க வேண்டும். அழுகிற அவசரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

"அண்ணன் நினைவா எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஊத்தலாம்னு நெனச்சேன்," என்றார் கொழுந்தன். "இதைக் குடிச்சா என்ன ஆகும்?"

"தொண்டை வெந்துரும். அப்புறம் எல்லாருமா அவர் பின்னாடியே போய்ச் சேர வேண்டியதுதான்."

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"தண்ணி விட்டு ஒரு அலசு அலசிட்டாப் போதாதா அண்ணி?"

"உங்களுக்குப் போதும். அதோ, அவருக்குப் போதாது."

ஓரத்து மேசையில் நொட்டை உட்கார்ந்திருந்தார். பல வருஷத்து வாடிக்கைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஒரு கிளாஸையாவது குறை சொல்லாமல் அவர் குடித்ததில்லை. புளிக்கிறது என்பார், பிளாஸ்டிக் வாடை என்பார். "இன்னிக்கு அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா?" என்று புருஷன் ஆரம்பித்தால் தட்டில் சாப்பாடு ஆறிப்போகும். இன்றைக்கு, இந்த ஒரு நாள், அந்த வாயிலிருந்து ஒரு குறை வந்துவிடக் கூடாது. புருஷன் கடைசியாகத் தொட்ட வேலை இது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கீழ் அறைக்கு இறங்கினாள். இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத இடம். ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கிடக்கும்; "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். பார் பைப்பைப் பற்றி மட்டும் விடிய விடியப் பேசச் சொன்னாலும் பேசுவார். ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். இப்போது கை தானாகப் போயிற்று. மருந்துக் கேனிலிருந்து பைப்பைக் கழற்றித் தண்ணீர்க் கேனில் மாட்டினாள். ஆஸ்பத்திரிக் கவரிலிருந்து எடுத்து மாட்டியிருந்த அவர் கையுறை அவளுக்கு ரொம்பப் பெரிது. விரல் நுனிகள் காலியாக ஆடின.

"ஒரு வேலையயாவது முழுசா முடிச்சிட்டுப் போகக் கூடாதா மனுஷா," என்று பீப்பாயைப் பார்த்துத் திட்டினாள். திட்டும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கப் போனவள் மருந்து ஞாபகம் வந்து தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"தம்பி, இழுங்க."

மேலே மருந்து ஊதா நிறத்தில் கொட்டியது. கூட்டத்தில் ஒருவர் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாளி நிரம்பியது, கொட்டினார்கள், மறுபடி நிரம்பியது.

"தெளிஞ்சிருச்சு அண்ணி."

"தெளிஞ்சா ஆச்சா? அந்தச் சோதனைக் காகிதத்த நனைச்சுப் பாருங்க. மருந்து இருந்தா நிறம் மாறும்."

"லேசா நிறம் மாறுது."

"அப்ப இன்னும் இழுங்க."

"அடக்கமே இதவிடச் சீக்கிரம் முடிஞ்சுது," என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாட்டில் பீர் இருக்குமே என்று கேட்ட இன்னொருவரை, மேலே ஏறி வந்தவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் காகிதம் நிறம் மாறவில்லை. கீழே போய்ப் பீப்பாயை மாட்டிவிட்டு வந்து, தண்ணீர் கலந்த முதல் கிளாஸைப் பிடித்து வாளியில் கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவதை நேரே நொட்டையிடம் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். பாரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன குறைன்னு சொல்லிருங்க."

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கொழுந்தன் மடமடவென்று மற்ற கிளாஸ்களை நிரப்பத் தொடங்கினார். நொட்டை மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டியது.

"இனிமே நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?" என்றார். "நான் ஒண்ணு சொன்னா அந்த மனுஷன் சண்டைக்கு வருவாரு. அப்புறம் கீழ போய் எல்லாத்தையும் கழட்டிப் பார்ப்பாரு. என் வீட்டுல நான் பேசுனா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்கிட்டச் சொல்லுங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார். கிளாஸை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"நுரை கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் ஒரு ஸ்பூனை எடுத்து நுரையைப் பதமாக வழித்துவிட்டு, கிளாஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்பப் பாருங்க."

அவர் கிளாஸை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.