பன்னிரண்டாம் மெஷினுக்கு ஒரு சாண் வெயில்

பன்னிரண்டாம் எண் தையல் மெஷினின் ஊசிமேல் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்த மாலை வெயில், ஒன்பது வருடமாகியும் இன்னும் போகவில்லை. மழை நாளிலும் இருக்கிறது, மின்சாரம் போனாலும் இருக்கிறது, விடுமுறையில் ஆளில்லாத கூடத்தில் தன் பாட்டுக்கு ஊசியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அங்கே வேலை செய்கிற நாற்பது பேரும் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. ஓடும்போது கடகடக்கிற மூன்றாவது மின்விசிறியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

அந்தக் கூடத்தில் தைப்பது வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட்டு. கறுப்புத் துணி, கறுப்பு நூல், கறுப்பு லைனிங். ஒரு காலத்தில் மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்த இடம் என்பதால் குழல்விளக்குகளை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே மாட்டியிருந்தார்கள். மூட்டைக்கு அந்த வெளிச்சம் போதும். பன்னிரண்டாம் மெஷினில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் நேர்கோடு என்றுதான் கூப்பிட்டார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் அவள் தையல் ஒரு நூல் விலகாது. காலர் வைக்க அவளை விட்டால் ஆளில்லை என்று இருபது வருடம் பெயர் வாங்கியவளுக்கு, நாற்பத்து மூன்றாவது வயதில் கண் மக்கர் பண்ணத் தொடங்கியது. கண்ணாடி போட்டாள். அது துணியைப் பெரிதாகக் காட்டியதே தவிர நூலைக் காட்டவில்லை. நாளெல்லாம் கறுப்பில் கறுப்பைத் தேடிவிட்டு வீட்டுக்குப் போனால் புருஷன் முகமே மங்கலாகத் தெரிந்தது. அதில் பெரிய நஷ்டமில்லை என்றாள் பக்கத்து மெஷினில் தைக்கும் நாத்தனார், அதாவது அந்தப் புருஷனின் சொந்தத் தங்கை. நேர்கோட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று கோட்டு திரும்பி வந்தால் தைத்தவரைப் பட்டன் பிரிவுக்கு மாற்றிவிடுவது அங்கே விதி. பட்டன் பிரிவில் மெஷின் கிடையாது. சுவரைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து பட்டன்களை ரகம் பிரித்துப் பொட்டலம் போட வேண்டும். அங்கே போனவர் யாரும் மறுபடி மெஷினில் உட்கார்ந்ததில்லை. அவள் தைத்ததில் ஏற்கெனவே ஒரு கோட்டு திரும்பியிருந்தது. பயந்துபோய், மெஷினில் மாட்ட ஒரு சின்ன விளக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஒரு மெஷினுக்கு வாங்கினால் நாற்பதுக்கும் வாங்க வேண்டும், நாற்பதுக்கு வாங்குவதென்றால் தேர்வுக் குழு வேண்டும். மேலாளர், ஸ்டோர்கீப்பர், மேற்பார்வையாளர், எலக்ட்ரீஷியன் என்று நால்வர் குழு அமைந்தது. நால்வரில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தைக்கத் தெரிந்தவர்களைச் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று குறிப்பில் எழுதினார்கள். மாதிரி விளக்குகள் வந்தன. ஒவ்வொன்றையும் மேலாளரின் மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் எரியவிட்டுப் பார்த்தார்கள். வெள்ளைத் தாளில் எல்லா விளக்கும் பிரமாதமாகத்தான் இருந்தது. மெஷினில் மாட்டியபோது, முதல் விளக்கு அதிர்வுக்கு அதிர்வு கழுத்தைக் குனிந்து பத்தாவது நிமிஷம் அவள் மடியைப் பார்த்தது. இரண்டாவது காந்தத்தால் ஒட்டிக்கொள்வது. அக்கம்பக்கத்துக் குண்டூசிகளையெல்லாம் இழுத்துத் தாடி வளர்த்தது. மூன்றாவதன் சூட்டில் நெற்றி கொப்புளித்தது. நான்காவது மஞ்சள் விளக்கு, பார்க்க இதமானது, குழுவுக்கு மிகவும் பிடித்துப்போனது. மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும் என்பதைத் தையல் தெரிந்த எவரும் சொல்லியிருப்பார்கள்; எவரையும் கேட்கவில்லை. வெட்டும் மேஜையில் தப்பிக் கலந்த ஒரு கருநீலக் கையை அவள் கறுப்புக் கோட்டில் வைத்துத் தைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற சோதனைக்காரரும் அதே விளக்கின் கீழே பார்த்து முத்திரை குத்தினார். வாங்கிப் போட்டுக்கொண்ட இளம் வழக்கறிஞர் நீதிமன்றப் படியில் வெயிலில் நின்றபோதுதான் தன் வலது கை வேறு யாருடையதோ என்று திகைத்தார். இரண்டாவது கோட்டு திரும்பி வந்தது. விளக்கின் மேல் குற்றமில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஐந்தாவதும் ஆறாவதும் எரியவே இல்லை, ஆனால் பெட்டி நன்றாக இருந்தது. இதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

அப்புறம் ஒருநாள் மாலை நாலு பத்துக்கு, மேற்கு ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வைத்திருந்த அட்டை கழன்று விழுந்தது. உள்ளே வந்த வெயில் நேராகப் போய் அவள் ஊசிமேல் உட்கார்ந்தது. நெடுநாளாகப் பார்க்காத தன் நூலை அவள் பார்த்தாள். புரி புரியாகத் தெரிந்தது. ஒரு வயதான வழக்கறிஞரின் கோட்டுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னல் வெயில் பத்து நிமிஷம்கூட நிற்காது. எழுந்திருக்கப் போகிற விருந்தாளியிடம் சொல்வதுபோல, "கொஞ்சம் இரேன், இந்தக் காலரை முடிச்சிடறேன்," என்றாள். வெயில் இருந்தது. ஐந்து மணிக்கும் இருந்தது. சூரியன் போன பிறகும் இருந்தது. அவள் தையல் மட்டுமல்ல, கணக்கும் நேர்தான். நாலு தையல் பாக்கி இருக்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்து, அந்தக் கோட்டை மடித்து டிராயருக்குள் வைத்துவிட்டு, வேறொரு கோட்டை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் குழு வந்து பார்த்தது. அனுமதி பெறாத வெளிச்சம். அட்டையை ஆணியடித்து ஜன்னலை அடைத்தார்கள். வெயில் இருந்த இடத்திலேயே இருந்தது. மெஷினை ஓர் அடி நகர்த்தினார்கள், கூடவே நகர்ந்தது. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளந்து, வந்த ஆறையும் விட இதுதான் நல்ல விளக்கு என்றார். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. ஸ்டோர்கீப்பரின் கவலை வேறு. "இதுக்கு வாரன்ட்டி யார் தர்றது? கெட்டுப்போச்சுன்னா யாருகிட்ட போய் நிக்கிறது?" என்றார். சூரியனே வரம் கொடுத்தாலும் ஸ்டோர்கீப்பர் கொடுக்க வேண்டுமே. கடைசியில், டெண்டர் இல்லாமல் வந்ததால் விளக்கு என்று ஏற்க முடியாது, கண்ணுக்குத் தெரிவதால் இல்லை என்று எழுதவும் முடியாது என்றாகி, 'ஏழாவது மாதிரி, சோதனையில் உள்ளது' என்று பதிவு செய்தார்கள். சோதனை எட்டு வருடம் நடந்தது. அந்த எட்டு வருடத்தில் அவள் தைத்த ஒரு கோட்டுகூடத் திரும்பி வரவில்லை. நாத்தனார்தான் பொருமினாள், ஒரு முழம் தள்ளி இருந்த அவள் மெஷின் பக்கம் அந்த வெயில் மரியாதைக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. கோட்டுக்குச் சொந்தக்காரரான வயதான வழக்கறிஞர் வருடத்துக்கு ஒருமுறை வந்து கேட்டார். அடுத்த வருடம் என்றார்கள். வாய்தா வாங்கியே காலம் தள்ளியவர், கோபப்படாமல் போனார்.

பிறகு புது மேலாளர் வந்தார், சுறுசுறுப்பானவர். வந்த வாரமே டிராயர் டிராயராகத் திறந்து பார்த்து, எட்டு வருடமாக முடியாத கோட்டைக் கண்டுபிடித்தார். இவ்வளவு தாமதமான கோட்டும் திரும்பி வந்த கோட்டும் ஒன்றுதான், இதை மூன்றாவதாக எழுதிக்கொள்ளட்டுமா, இப்போதே முடிக்கிறீர்களா என்று கேட்டார்.

"முடிச்சா வெளிச்சம் போயிடும் சார்," என்றாள் நேர்கோடு.

"நாலு தையல்தானேம்மா?" என்றார் அவர்.

முடித்தால் கண் தெரியாது, முடிக்காவிட்டால் மெஷின் கிடையாது. எப்படிப் போனாலும் பட்டன் பிரிவு. நாற்பது மெஷினும் நின்றன. அவள் நாலு தையலையும் போட்டு நூலை வெட்டினாள். வெயில் ஊசியை விட்டு மேஜை விளிம்புக்கு வந்தது, அங்கிருந்து அவள் மடிக்கு, மடியிலிருந்து தரைக்கு இறங்கி, ஜன்னலைப் பார்த்து நகர்ந்தது. ஒரு சொல்லுக்காக எட்டு வருடம் காத்திருந்த வெயிலை இன்னொரு முறை இரு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அப்போது நாத்தனார், திரும்பிக்கூடப் பார்க்காமல், பாபினில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். "என்ன, அதுக்குள்ள கிளம்பியாச்சு? பட்டனுக்குக் காஜா யாரு எடுக்கிறது? உள்பை இன்னும் வைக்கலியே."

வெயில் ஜன்னல் கட்டையில் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்ததாகத்தான் தோன்றியது. பிறகு வந்த வழியே திரும்பி, தரை, மடி, விளிம்பு என்று ஏறி ஊசிமேல் உட்கார்ந்தது. நேர்கோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுது துணிய நனைச்சிடாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "கறுப்புல உப்புக் கறை நல்லாத் தெரியும்."

புது மேலாளர், இது தேர்வுக் குழுவின் அதிகார வரம்புக்கு உட்பட்டது என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். குழு இன்னும் கூடுகிறது. நேர்கோடு பன்னிரண்டாம் மெஷினில்தான் இருக்கிறாள். அந்தக் கோட்டில் இப்போது பதினேழு பைகள் இருக்கின்றன. ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள் கூடத்தில் யாராவது அடுத்த பையை வெட்டி அவள் மேஜையில் வைத்துவிடுகிறார்கள், அதற்கு முறை போட்டிருக்கிறார்கள். போன மாதம் அந்த வழக்கறிஞர் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தார். எல்லாப் பையிலும் கையை விட்டுப் பார்த்தார். வெயிலையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, முதுகுப் பக்கம் இன்னும் காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்டார். நாத்தனார் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.