பெரியப்பா கொடுத்த மரியாதை

குடித்துவிட்டுப் பிக்கப் வண்டி ஓட்டிய குற்றத்துக்கு, ராஜதுரையின் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கி வைத்தார்கள். அன்று மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் வளைவொன்றில் வண்டி கவிழ்ந்திருந்தது. மிளகு மூட்டைகளோடு பின்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பா காத்தானுக்கு இடது கால் முறிந்தது. அபராதம் கட்டியாயிற்று, ஆறு மாதமும் போயிற்று. குடியை அன்றோடு விட்டான்.

காலும் கூடியது, கொஞ்சம் சாய்ந்து நடந்தார், அவ்வளவுதான். பெரியப்பா திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. அதுதான் வம்பு. தகப்பனில்லாப் பிள்ளை என்று தூக்கி வளர்த்து, மீசை முளைத்த பிறகும் "வா கண்ணு, சாப்ட்டயா கண்ணு" என்று கூப்பிட்டவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் "வாங்க, உக்காருங்க" என்றார். தாசில்தாருக்குக் கொடுக்கிற மரியாதை. எங்கள் பக்கம் யாரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். வளர்த்த பிள்ளைக்குப் போட்டால் அது வேறு கணக்கு. நாலு அறை விட்டிருந்தால் ராஜதுரை நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

சில வருடம் கழித்து, செம்மேட்டில் ஒரு பள்ளிக்கூடம் வேனுக்கு டிரைவர் தேடியது. பழைய கேஸ் என்ன ஆயிற்று என்று விசாரித்து வரச் சொன்னார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"பழசு பதிவுல இருக்குதுங்க. தண்டனை முடிஞ்சு போச்சு, ஓட்டறதுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்க."

"பதிவு எப்பங்க போகும்?"

"ஏனுங்க, அதான் வண்டி ஓட்டலாமுன்னு சொல்லீட்டனே?"



வேலை கிடைத்தது. 'அவன் வண்டியிலா பிள்ளையை ஏத்துவீங்க' என்று அரியூர் நாட்டு ஊர்களில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ராஜதுரைக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை. பெரியப்பாவின் பேத்தி சுமித்ராவும் அந்தப் பள்ளிதான். அவளை அவர் அனுப்புவாரா என்பதுதான் அவன் கவலை.

முதல் நாள் காலை வேனை நிறுத்தினான். பேத்தி கையைப் பிடித்தபடி பெரியப்பா சாய்ந்து சாய்ந்து வந்தார். ராஜதுரை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"பாத்து, பத்தரமாப் போயிட்டு வா கண்ணு."

இத்தனை வருடமாக ஏங்கிய சொல். கண் நிறைந்துவிட்டது. "சரிங்க பெரியப்பா, பாத்துப் போறேனுங்க" என்று திரும்பினான்.

பெரியப்பா ஜன்னல் வழியே பேத்தியின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவன் பதிலைக் கேட்டதும் கை நின்றது.

"நேரமாச்சுங்க" என்றார். "வண்டிய எடுங்க."