வளைவில் ஒரு விசில்

அம்மா நாய்க்குக் கோட்டை மாட்டிவிட்டபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடுதி வாசலில் ஈரக் காலணிகள் வரிசையாகக் கிடந்தன. மழை இல்லை. ஆனால் ஏரியின் எதிர்க்கரையில் நேற்று சாயங்காலம் வரை இருந்த மலையும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக எதுவோ நின்றுகொண்டிருந்தது. அம்மா தரையில் மண்டியிட்டு, நாயின் வயிற்றுக்கடியில் பட்டியை இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து அடுத்தவர் உடுப்புகளைப் பிரித்துப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும்தான் அவள் பிழைப்பு. மகனுடைய ஆரஞ்சு நிற மழைக்கோட்டின் முதுகுத் துணியும் ஒரு கையும் நாய்க்குப் போதுமானதாக இருந்தன. மிச்சத்தை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அவள் வேலையிலேயே அதுதான் நேர்த்தியான தையல். அந்த நேர்த்திதான் மகளுக்கு ஆத்திரமோ என்னவோ.

"அவனோடத வெட்டி நாய்க்குப் போட்டிருக்க," என்றாள் மகள், ஷூ நாடாவிடம் பேசுவதுபோல.

"நனைஞ்சா அதுக்கு இருமல் வருதுடி."

"அவனுக்கும்தான் வந்துச்சு."

அம்மா பட்டியை இன்னொரு துளை இறுக்கினாள். நாய் அவளை நிமிர்ந்து பார்த்தது. தளர்த்திவிட்டாள்.

வருஷத்தில் ஒரு வாரம் அவர்கள் நடக்கப் போவார்கள். பேருந்து ஓட்டுகிறவருக்கு விடுமுறையில் எந்த வண்டியையும் பார்க்கப் பிடிக்காது. அதனால் வண்டி போகாத இடமாகப் பார்த்து அப்பா கூட்டிப்போவார். ஏரிகள் படிப்படியாக ஒன்றுக்குமேல் ஒன்றாக இருக்கும் இந்த மலைக்கு இதற்கு முன்னும் வந்திருக்கிறார்கள். நடக்கும்போதும் அவர் ஓட்டுநர்தான். முன்னால் போவார், திரும்பிப் பார்க்க மாட்டார். இருக்கையில் உட்கார்ந்தவன் தலையைத் திருப்பினால் வண்டி எங்கே போகும் என்பார். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி பாதையில் இல்லாததால் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். அம்மாவுக்கு விசில் வராது, கை தட்டுவாள். மகள் தகரத் தண்ணீர்ப் பாட்டிலை மோதிரத்தால் தட்டுவாள். எல்லோருக்கும் பின்னால் வரும் மகன் "ரைட்" என்று நீட்டிக் குரல் கொடுப்பான். அது கேட்ட பிறகுதான் அப்பாவின் கால் நகரும். பணியிலும் அவர் அப்படித்தான். பின்னாலிருந்து ரைட் வராமல் வண்டியை ஒரு அடி நகர்த்தியதில்லை.

மகன் கண்டக்டர் ஆனது அப்படி. தங்கை அரை டிக்கெட். அவள் தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிறகும் "அரை டிக்கெட்டு, படியில தொங்காத, உள்ள போ உள்ள போ" என்று முதுகில் இடித்துக்கொண்டே வருவான். நாய் வீட்டுக்கு வந்தபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலைதான். கிளீனர் என்று பெயர் வைத்தார்கள். தட்டில் எதையும் மிச்சம் வைக்காத நாய்க்கு அது இன்னும் பொருந்தியது.

போன வருஷம் அவர்கள் எங்கும் போகவில்லை. சாதாரண இருமல் என்று மருத்துவமனைக்கு நடந்தே போனவன், போர்வைக்குள் திரும்பி வந்த வருஷம் அது. இந்த வருஷமும் அம்மாவுக்குப் போக மனமில்லை. அப்பாதான் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போலாமா," என்றார். அந்தக் குரலுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வந்த முதல் நாள், முதல் வளைவில், பழக்கதோஷத்தில் விசில் அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. முதுகே சொன்னது. அம்மா தட்டினாள். பாட்டில் ஒலித்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ரைட் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, அப்பா நடந்தார். அதற்குப் பின் எல்லா வளைவுகளிலும் அப்படியே ஆயிற்று. விசில், கைத்தட்டு, பாட்டில், மௌனம், நடை. ஒரு வாரம் முடிவதற்குள் அந்த மௌனமும் ஏற்பாட்டில் ஒன்றாகிவிட்டது. மௌனம் வந்தால் போகலாம்.

கடைசி நாளான இன்று கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்கரைக்குப் போய், அங்கிருந்து மறுபக்கம் இறங்கவேண்டும். பாதை கரையை ஒட்டியே போனது. நாய் மகளோடு கடைசியாக வந்தது. ஒருபுறம் பாறைச்சரிவு, மறுபுறம் தண்ணீர். எப்போதோ போட்ட கம்பிவேலி ஒன்று ஆங்காங்கே சரிந்து ஏரிக்குள் இறங்கியிருந்தது. மூடுபனி கீழே வந்தது. முதலில் எதிர்க்கரை போயிற்று, பிறகு தண்ணீர், பிறகு அப்பாவின் தலை. அவருடைய முதுகுப்பை மட்டும் சிறிது நேரம் தனியாக நடந்தது. பிறகு அதுவும் போயிற்று. அம்மா அடியை எட்டிப் போட்டாள். எல்லோரும் சேர்ந்து நடக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஒன்றரை வருஷமாக அவள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மகள் குளித்துவிட்டுத் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். இரவில் கதவருகே நின்று மூச்சு கேட்கிறாள். இதற்கும் பயந்தாள் என்று ஆகவேண்டாம் என விட்டுவிட்டாள்.

விசில் கேட்டது. நின்று கை தட்டினாள். பனியில் அது ஈரத்துணியை உதறியதுபோல இருந்தது. மௌனம். முன்னால் அப்பாவின் காலடி கூழாங்கல்லில் கிளம்பியது. அவளும் நடந்தாள்.

எவ்வளவு தூரம் என்று அவளால் பின்னர் சொல்ல முடியவில்லை. ஒரு பாறையைக் கையால் தொட்டுக்கொண்டு கடந்தது நினைவிருக்கிறது. முதுகுத்தண்டில் யாரோ ஊசியை இழுத்ததுபோல் ஒன்று தோன்றியது. நடந்ததைத் தையல் பிரிப்பதுபோலப் பின்னாலிருந்து பிரித்தாள். காலடி. அதற்கு முன் மௌனம். அதற்கு முன் அவள் கைகள். நடுவில் ஒரு தையல் இல்லை. பாட்டில் ஒலிக்கவே இல்லை. ஒலிக்காததை இருவரும் அந்த மௌனம் என்று எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

"ஏங்க."

காலடி நிற்கவில்லை.

"ஏங்க, நில்லுங்க. பாப்பா தட்டல."

பனிக்குள்ளிருந்து அவர் வந்தார். திரும்பிப் பார்த்தபடி அல்ல, திரும்பியே வந்தார். "தட்டுச்சே," என்றார். சொல்லிவிட்டு அவளையே பார்த்தார். "தட்டுச்சுல்ல?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் விரலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. முப்பது பேரை ஏற்றிக்கொண்டு செங்குத்தான சரிவில் இறங்குகிறவர், தன் விரல்களை வேறு யாருடைய விரல்களோ என்பதுபோல் பார்த்தார்.

அப்போது நாய் வந்தது. தனியாக. காது நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உடம்பில் கோட்டு இல்லை. வயிற்றைச் சுற்றிய பட்டியும் இல்லை. அவர்கள் நடுவில் நின்று உடம்பை உதறிவிட்டு, வாலை ஆட்டியது.

"கிளீனர், எங்கடா அவ? காட்டுடா."

நாய் அம்மாவின் கையை நக்கிற்று. நாக்கு சுடச்சுட இருந்தது. அவள் ஓடினாள்.

"ஓடாத, விழுந்துருவ," என்று அப்பா அவள் கையைப் பிடித்தார். பிடித்தவரும் ஓடினார். தண்ணீர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சலசலப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. கோட்டின் கொக்கியை நான்தான் போட்டேன் என்று அம்மாவுக்குத் தோன்றியது. நாயால் அதைக் கழற்ற முடியாது. கை உள்ளவர்கள்தான் கழற்ற முடியும். அப்படியென்றால் அந்தக் கை தண்ணீருக்குள் போயிருக்கிறது. அதற்கு மேல் அவள் மனம் போக மறுத்தது. ஆனால் போய்க்கொண்டேயும் இருந்தது. அலமாரியில் மடித்து வைத்த மீதித் துணி வரை போயிற்று.

அப்பா நின்றார். விசில் வராத வாயைத் திறந்து, மகன் போன பிறகு வீட்டில் யாரும் சொல்லாத பெயரைச் சொன்னார்.

"அரை டிக்கெட்டு."

பெரிய குரல் இல்லை. உடைந்திருந்தது. இன்னொரு முறை சொன்னார். நாய் காதைத் தூக்கியது. கீழே, இடது பக்கம், தகரத்தில் மோதிரம் தட்டும் சத்தம் ஒரே ஒரு முறை கேட்டது.

தண்ணீரோரப் பாறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தொடை வரை நனைந்திருந்தது. உதடு ஊதாவாகியிருந்தது. மடியில் ஆரஞ்சுத் துணி, ஓரத்தில் நீளமாகக் கிழிந்து. பக்கத்தில் கம்பிவேலி தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. அம்மா அவள் மேல் விழாத குறையாகப் போய், கையை, கன்னத்தை, காதைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் குளிர்ந்திருந்தன. அந்தக் குளிர்ச்சி அவளுக்குத் தெரிந்த குளிர்ச்சி. தன் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"கிளீனர் தண்ணி குடிக்க எறங்குச்சு," என்றாள் மகள். பற்கள் அடித்துக்கொண்டன. "கோட்டு கம்பியில மாட்டிக்கிச்சு. முங்கி முங்கி எந்திரிச்சுது. தலைய ரெண்டு கையால தூக்கிப் பிடிச்சிருந்தேன். பாட்டில் பையில இருந்துச்சு. அப்புறமாத்தான் ஒரு கையால கொக்கியக் கழட்டி விட்டேன்."

"கத்தியிருக்கலாம்ல," என்றார் அப்பா.

"விசில் கேட்டுச்சு. அம்மா தட்டுனதும் கேட்டுச்சு. நான் தட்டலன்னா நிப்பீங்கன்னு நெனச்சேன்." துணியை மடியில் நீவிவிட்டாள். கிழிந்த இடம் மறுபடி விலகியது. "அப்புறம் நடக்கற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் கத்த வரல."

அப்பா குனிந்து, மகளின் ஷூவைக் கழற்றி, உள்ளிருந்த தண்ணீரைக் கொட்டி, தன் காலுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். பெரியதாக இருந்தது. குதிகால் கணுக்காலுக்கு மேல் ஏறி நின்றது.

"நாத்தம்," என்றாள் மகள்.

"பஸ்ஸு ஓட்டுற காலு அப்படித்தான் இருக்கும்."

அவள் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. சின்ன இருமல்தான். அப்பாவின் கை நாடாவில் நின்றது. அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தார்கள். மகள் இருவரையும் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சிட்டேன், அதான்," என்றாள்.

கிளம்பும்போது அப்பா பையை மாட்டிக்கொண்டு பாதையோரம் ஒதுங்கி நின்றார். "நீ முன்னால போ," என்று அம்மாவிடம் சொன்னார். "அப்புறம் பாப்பா. நான் பின்னால வரேன்." இத்தனை வருஷத்தில் அவர் மகனுடைய அந்த இடத்தில் நடந்ததில்லை. அம்மா முன்னே நடந்தாள். பனி இன்னும் விலகவில்லை. அவளுக்கு முன்னால் பாதை அவள் காலுக்குப் போதுமான அளவே இருந்தது. ஓட்டுநர் இருக்கை இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள். முன்னால் ஒன்றும் தெரியாமல், பின்னால் எல்லோரையும் வைத்துக்கொண்டு.

வளைவு வந்தது. நின்றாள். அவளுக்கு விசில் வராது. கை தட்டினாள்.

பாட்டில் ஒலித்தது. பக்கத்தில்தான், தெளிவாக.

அதற்குப் பின் வரவேண்டியது வரவில்லை. அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. ஒரு சொல்தான், வாழ்நாளெல்லாம் பின்னாலிருந்து கேட்டுப் பழகிய சொல். அவர் வாயில் அது ஏறவில்லை. நாய் அவர்களைத் தாண்டிப் பின்னால் போய், அப்பாவுக்கும் பின்னால் வெறும் பனியைப் பார்த்துக் காதைத் தூக்கி நின்றது. பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். மகளா, அவரா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அவள் கால் நகரவில்லை. பனிக்குள் கையை உயர்த்தி, மறுபடி தட்டினாள்.