வயிற்றுவலிக்காரி

நான்கு வருடமாக எனக்கு வயிற்றுப்புண். எங்கள் சலவைக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் கல்லைக் கொடுத்தாலும் செரித்துவிடும் வயிறு என்னுடையது.

எங்கள் கூடம் ஒரு நட்சத்திர ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே அறைகளில் தங்குகிறவர்கள் ஒரு இரவு படுத்து எழுந்த பெட்ஷீட்டுகள் கீழே வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்புவோம். அந்த ஒரு இரவுக்கு அவர்கள் கொடுக்கும் வாடகை என் ஒரு மாதச் சம்பளம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரிந்தபோது இரண்டு நாள் ஆத்திரமாக இருந்தது. அப்புறம் ஆத்திரப்படவும் தெம்பு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பொய் ஆரம்பித்தது ஒரு சம்பள நாளில். அன்று மதியம் எல்லோருமாகச் சேர்ந்து வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்து, ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது வழக்கம். என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மாதம் அது. என் பங்கைக் கொடுத்தால் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பால் கிடையாது. காசில்லை என்று சொல்ல வாய் கூசியது. வயிறு சரியில்லை என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். மூன்றாவது மாதம் நான் வாயைத் திறப்பதற்குள் மடிப்பக்காவே, பாவம், அவளுக்குப் புண் என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள்.

மடிப்பக்கா மடிக்கும் மேசையில் நிற்பவள். நான் சூடான உருளை மெஷினில் போட்டு இஸ்திரி செய்து தள்ளுவதை அவள் வாங்கி மடிப்பாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அன்றிலிருந்து ஒவ்வொரு சம்பள நாளும் எனக்கென்று ஒரு சின்ன டப்பா கொண்டுவருவாள். மிளகாய் இல்லை, உப்பும் பேருக்குத்தான். நானோ காரமில்லாமல் ஒரு வாய் இறங்காதவள். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் நோயாளி முகத்தோடு மென்று விழுங்குவேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. கூடவே நடிக்கவும் வேண்டியிருந்தது எனக்குத்தான். துவைக்கிற மெஷினில் துணி போடுகிற பெரியவர் எனக்கு 'வயித்துவலி' என்றே பேர் வைத்துவிட்டார். அப்படிக் கூப்பிட்டால் நானும் சிரிப்பேன்.

இந்த வருடம் எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அடுத்து அனுபவத்தில் மூத்தவள் நான்தான். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடும். சரியாக அதே சமயத்தில் வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றினார்; முடியாவிட்டால் காலி செய்யச் சொன்னார். காலி செய்தால் ஊருக்கு வெளியேதான் எங்களுக்கு வீடு கிடைக்கும். என் மூத்த மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். வேலை எனக்கு வந்துவிடும் என்ற தைரியத்தில், தருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் மடிப்பக்கா என் பக்கம் வந்து நின்றாள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு என் உடம்பைப் பற்றி விசாரித்தாராம்.

"நான் சொல்லிட்டேன்டி. அவ நேரத்துக்குச் சாப்பிடணும், அந்த வேலையில அது நடக்காது, அவளை விட்டுடுங்கன்னு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குக் குடுத்திருக்காங்க" என்றாள்.

உருளைக்குள் போய்க்கொண்டிருந்த பெட்ஷீட் கோணிக்கொண்டு சுருங்கியது. மெஷினை நிறுத்தினேன். இவளைப் பிடித்து அதற்குள் தள்ளினால் என்ன என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், தள்ள வேண்டியது என்னை என்று உறைத்தது.

"அக்கா, எனக்குப் புண்ணே கிடையாது" என்றேன்.

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த இடுப்பு, பால், வாடகை, வீட்டு உரிமையாளரிடம் கொடுத்த வாக்கு. என் சம்பளம் எவ்வளவு, மாதம் எந்தத் தேதியில் அது தீர்ந்துபோகிறது என்பதுவரை சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கம் போய்விட்டது. அலுப்புதான் மிஞ்சியது.

அவள் மேனேஜரிடம் ஓடிப்போய் எனக்கே கொடுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், எதிர்பார்த்தேன். அவள் சுருங்கிய பெட்ஷீட்டைக் கையாலேயே நீவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குன்னு தனியா அடுப்பு வச்சேன்டி" என்றாள். பிறகு சொன்னாள்: "அந்தச் சாப்பாட்டுக் காசை நான் பாதி மாசங்கள்ல கைமாத்து வாங்கித்தான் குடுத்தேன். இவளுக்காவது வயித்துவலி இருக்கேன்னு பொறாமையா இருக்கும்."

பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடித்து நானும் நீவினேன்.

"இந்த வேலையை என்னால விட முடியாது. தம்பி வாங்கின கடனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன் கட்டல. என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ."

திட்டவில்லை. ஆனால் கோபம் இருந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்றுகொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் இரண்டு பேரும் இத்தனை நாள் அல்லாடியிருக்கிறோம்.

மேனேஜரையும் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. காசுக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அன்பாகவே சொன்னார். கேட்பதே காசுக்காகத்தான் என்றேன். உத்தரவு மேலே போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். மடிப்பக்கா ஓய்வு பெற இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

வீட்டைக் காலி செய்தோம். இப்போது வேலைக்கு இரண்டு பஸ். மூத்தவள் விடிவதற்கு முன்பே எழுந்து என்னோடு கிளம்புகிறாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறாள். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சம்பள நாள் வந்தது. யாருக்கு என்ன சாப்பாடு என்று எழுதுவது சூப்பர்வைசர் வேலை. மடிப்பக்கா பேர் எழுதிய தாளோடு ஒவ்வொரு மேசையாக வந்தாள். என் மேசையில் நின்றாள். கையில் டப்பா இல்லை.

"உனக்கு?" என்றாள், புதிதாகக் கேட்பது போல.

எல்லோரும் வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. காசுதான் இல்ல" என்றேன்.

காது சுட்டது. மெஷின் பெரியவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். மாதாமாதம் எல்லோரையும்விட அதிகமாக வரவழைத்து, நான் எதை இழக்கிறேன் என்று ருசித்துக் காட்டுகிறவர். கிண்டல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்படியும் சொல்லலாமா?" என்று கேட்டார்.

அக்காவிடமிருந்து பேனாவை வாங்கித் தன் பேரைக் கோடு போட்டு அடித்தார்.

அன்று மதியம் அவரிடம் சாப்பாடு இல்லை. சம்பள நாளில் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவின் மூடியில் பாதியைப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல காரம்மா" என்றார்.