ஆறுவேட்டாரின் ரிவால்வர்

ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டருக்குத் தெருவில் ‘ஆறுவேட்டு’ என்று பெயர். ஏலத்தில் எடுத்த பழைய ரிவால்வரால் ஆறு முறை சுட்டு, வீடு புகுந்த திருடர்களை விரட்டிய கதையைப் பால் வாங்கப் போகிற வழியிலும் ஆரம்பித்துவிடுவார். அந்த வீரத்துக்காகத்தான் தன் மகளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று திடமாக நம்பினார்.

வந்ததே வினை. வருங்காலச் சம்பந்தி துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரர்.

“எங்க, அந்தப் பொக்கிஷத்தைக் கண்ணுல காட்டுங்க.”

வெல்வெட் துணிக்குள்ளிருந்து அது கண்ணாடியாய் மின்னியபடி வந்தது. சம்பந்தி முதலில் தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்டார். பிறகு ட்ரிகரை இழுத்தார். தோட்டா போடும் உருளை அசைவேனா என்றது.

“வயசாச்சில்ல, கொஞ்சம் கெத்து காட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

சம்பந்தி உருளையை வெளியே சாய்த்து, தோட்டாக்கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டைத் தூக்கினார். அடியில் வெள்ளையாய் ஒரு படலம்.

“என்ன இது, பல்பொடியா?”

“பாலிஷ், சம்பந்தி. ஞாயித்துக்கிழமை தவறாது.”

“அதான் காய்ஞ்சு இறுகிக் கிடக்கு. மேக்கப்பு போட்டே கொன்னுட்டீங்க.”

கதவுக்குப் பின்னால் மனைவி இருமினாள். இருமல் போலவே இல்லை.

குச்சியால் சுரண்டித் துடைத்ததும் உருளை சுழன்றது. “சிங்கம்யா!” என்று இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். சம்பந்தியோ ரிவால்வரின் பின்பக்கம் இருந்த சின்னச் சுத்தியலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோட்டாவைக் குத்துற முனையே இல்லையே. உடைஞ்ச இடத்துல பழைய துரு. ஏலத்துல எடுத்தப்பவே இப்படித்தான் இருந்திருக்கும். அப்போ ஆறு வேட்டு?”

மகளின் கல்யாணமே அந்த இல்லாத முனையில் தொங்குவதாக இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. புதிதாக ஒரு பொய்கூட நேரத்துக்கு உதவிக்கு வரவில்லை.

“சொல்லித் தொலைங்களேன்” என்று மனைவி உள்ளே வந்தாள்.

“இழுத்தேன், சுடல. பயத்துல…”

“பயத்துல?”

“நானே டமால் டமால்னு கத்திட்டேன். ஓடிட்டானுங்க.”

சம்பந்தி சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து, மனைவியிடம் அக்கறையாகக் கேட்டார்:

“உங்க பொண்ணுக்கும் அந்தத் தொண்டை இருக்காம்மா?”

“இவரோடது ஒண்ணுமேயில்ல அதுக்கு முன்னாடி.”

“அப்போ நாள் குறிச்சிடுவோம். எங்க பையன் பல்லிக்கே கட்டில் மேல ஏறி நிக்கிறவன். வீட்டுல ஒரு ஆளாவது சத்தம் போட வேண்டாமா?”