மூன்றாவது படி

கால் முறிந்ததைக்கூட மன்னித்திருப்பேன். ‘கவனம் கெட்டவள்’ என்று கடைக்காரர்கள் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பார்சல் சுமக்கிறேன். ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட உடைத்ததில்லை. அந்த விளக்குக் கடையின் மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கியபோது, கீழிருந்து மூன்றாவது படியில் வழுக்கி விழுந்தேன். வழக்குப் போட்டேன். தப்பு உன்மேல் என்று தீர்ப்பு வந்தால் வேலை கிடையாது என்று என் கம்பெனி சொல்லிவிட்டது.

கோர்ட்டில் கடையின் வக்கீல் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசினார். அவர் பெயர் ‘சாதாரண கவனமுள்ள நபர்’. அவர் விழவே மாட்டாராம். யாரடா இந்த உத்தமர், என் மாமியார்கூட என்னை யாரோடும் இப்படி ஒப்பிட்டதில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குச் சாட்சியாக அன்றைய முழுநாள் கேமரா பதிவையும் கொடுத்தார். முந்நூறு பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள், விழுந்தது நான் ஒருத்திதான்.

அந்தப் பதிவின் நகலை வீட்டில் உட்கார்ந்து என் அண்ணி முழுசாகப் பார்த்தார். அண்ணி துணி தைக்கிறவர். தையல் நூலிழை கோணினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“ஏம்மா, கடை ஆளுங்க மட்டும் ஏன் அந்த எடத்துல ஒரு படியத் தாண்டித் தாண்டிப் போறாங்க?”

திரும்பப் போட்டுப் பார்த்தோம். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே, மூன்றாவது படியைத் தாண்டினார். வெளியாட்கள் அதே இடத்தில் தடுமாறிக் கம்பியைப் பிடித்தார்கள். எனக்குத்தான் பிடிக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் அவர்கள் பெட்டி.

அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீலம்மா மேனேஜரைக் கூண்டில் ஏற்றினார்.

“மூணாவது படிய ஏன் தாண்டுறீங்க?”

“அது முன்பக்கமா கொஞ்சம் சரிஞ்சிருக்குங்க. எங்களுக்குப் பழகிடுச்சு.”

“புதுசா வேலைக்குச் சேர்றவங்க?”

“மொத நாளே சொல்லிடுவோம்ல!” பெருமையாகத்தான் சொன்னார்.

“பார்சல் எடுக்க வர்றவங்களுக்கு?”

மேனேஜர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

தீர்ப்புச் சொல்லுமுன் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“கால் வைக்கிற எடம் சமமா இருக்கும்னு நம்பித்தான் எல்லாரும் படி எறங்குறோம். யாரும் கொத்தனார் மாதிரி ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு எறங்குறதில்ல. நீங்க சொன்ன சாதாரண நபர் வேற யாருமில்ல, இந்தம்மாதான். தெரிஞ்சும் சரிபண்ணாம, சொல்லவும் செய்யாம விட்டீங்க பாருங்க, அதுக்குப் பேர்தான் கவனக்குறைவு.”

அண்ணி என் தொடையில் கிள்ளினார். வலித்தது, சிரித்தேன். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

வெளியே கோர்ட்டுப் படிக்கட்டு. அண்ணி கையைப் பிடிக்க வந்தார்.

“வேணாம் அண்ணி.”

தலையை நிமிர்த்தி, கீழே ஒருமுறைகூடப் பார்க்காமல், எல்லாரையும் போல இறங்கினேன்.